நாளைக்கும் பாளை வேணும்லா

எங்கள் வீட்டில் புத்தக அலமாரிக்கு மேலே ஒரு பழைய ஓலைப்பெட்டி இருக்கிறது. கருப்பட்டி போட்டு வைப்பதற்காக ஆச்சி தன் கையால் முடைந்த பெட்டி, மூடியைத் திறந்தால் இன்றைக்கும் லேசாகக் கருப்பட்டி மணம் வரும். இப்போது அதற்குள் இருப்பவை தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். மொத்தம் 742. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பத்துக் கணக்கு, நீல மையில், என் கையெழுத்தில்.

போன வாரம் சித்தி மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். நான் 2022இல் எழுதித் தேறி, இப்போது அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டால் ஏதாவது ரகசியம் கிடைக்கும் என்று நினைத்து வந்திருக்கிறாள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்க்கா படிச்சிய?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "நெசமாவா சொல்லுதிய?" என்று இரண்டு தடவை கேட்டாள், நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போல. நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதை அவளிடம் நின்ற நிலையில் சொல்ல முடியவில்லை, அது தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டிய கதை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தாத்தா பனையேறி. திசையன்விளைப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர். தை, மாசியில் பனை பாளை, அதாவது பூங்கொத்து, விட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் பதநீர் சீசன். அந்த ஐந்தாறு மாதமும் அவர் முப்பது மரத்துக்கு மேல் பார்ப்பார். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே, நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவார். காலில் போடத் தளைநார், மரத்தடியில் சாய்த்து வைத்து முதல் எட்டு வைக்க முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள் பெட்டி, இறக்கிக்கொண்டு வரக் குடுவை. காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். ஒரு மரம்கூட விடாமல்.

பள்ளிக்கூடம் லீவு நாட்களில் நானும் பின்னாலேயே போவேன், ஆச்சி திட்டத் திட்ட. அவர் மேலே ஏறிய பிறகு கீழே எனக்கு ஒரு வேலைதான், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பது. மேலே ஓலைகளுக்கு நடுவில் அவர் உடம்பு பாதிதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் 'சரக், சரக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மேலேயிருந்து ஏதோ சுழன்று சுழன்று விழும். பாளையின் நுனியில் சீவிய சீவல் அது. எடுத்துப் பார்த்தால் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும். அவ்வளவு மெல்லிசு.

பனை பற்றித் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பதநீர் தானாக வழிந்துவிடாது. முதலில் பாளையை இடுக்கியால் நசுக்கி, நாள் கணக்கில் பதப்படுத்த வேண்டும். அந்த நாட்களில் ஒரு சொட்டும் வராது, ஆனாலும் ஏறத்தான் வேண்டும், நசுக்கத்தான் வேண்டும், நுனியைச் சீவத்தான் வேண்டும். பிறகு ஒருநாள் சீவிய இடத்தில் ஈரம் கசியும், அப்புறம் சொட்டும். அதில் கலயத்தைக் கட்டிவிட்டு வருவார்கள், உள்ளே சுண்ணாம்பு தடவி. சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். சரி, கட்டியாகிவிட்டது, இனித் தினமும் போய் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்று நினைக்க முடியாது. சீவிய முகம் காய்ந்து மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் பதநீர் நின்றுவிடும். அதனால் தினமும் அந்த முகத்தைப் புதுசாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இது எல்லோரும் சுலபமாகப் புரிந்துகொள்கிற பாதி.

மறுபாதியை நான் ஒரு வெட்டு அரிவாளிடமிருந்து கற்றுக்கொண்டேன். எனக்குப் பத்து வயதிருக்கும். தாத்தா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார், மரப்பலகையில் கல்பொடியைத் தூவி, முன்னும் பின்னுமாக, அவசரமே இல்லாமல். விழுந்துகிடந்த பாளைத் துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, அவர் வைத்துவிட்டுப் போன அரிவாளால் ஓங்கி ஒரு சீவு சீவினேன். விரல்கடை அளவுக்கு ஒரு துண்டு போய் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவரைவிடப் பெரிய துண்டு. அவர் திரும்பி வந்து அதைப் பார்த்தார். திட்டவில்லை. துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏட்டி, இப்படிச் சீவப்பிடாது. இன்னைக்கே எல்லாத்தையும் சீவிட்டா நாளைக்கு எதைச் சீவ? நாளைக்கும் பாளை வேணும்லா."

பாளைக்கு ஒரு நீளம்தான் உண்டு. அது இத்தனை நாளைக்கு வர வேண்டும் என்று கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு நெல்மணி கனம் சீவினால் மாதக்கணக்கில் வரும். ஆசைப்பட்டுக் கட்டை கட்டையாகச் சீவினால் ஒரு வாரத்தில் காம்பு வரைக்கும் போய்விடும், பதநீரும் கூடுதலாக வந்துவிடாது. தினமும் சீவ வேண்டும் என்பது ஒரு விதி, மெல்லிசாகச் சீவ வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டாவது இல்லாமல் முதலாவது நடக்கவே நடக்காது. விடாமுயற்சி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று நாம் பழமொழி சொல்கிறோம். அதில் அடி இருக்கிறது, பலம் இருக்கிறது. தாத்தா யாரையும் எதையும் அடித்து நகர்த்தவில்லை. நாளைக்கு மிச்சம் வைத்துச் சீவினார், அவ்வளவுதான்.

இது எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருந்தும் என் வாழ்க்கையில் நுழைய இருபது வருஷம் ஆனது.

2018 பிப்ரவரியில் முதல் தடவை குரூப் 4 எழுதினேன். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து, மகள் கைக்குழந்தை. தேர்வு அறிவிப்பு வந்ததும் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் அட்டவணை போட்டேன். காலை நாலு மணி முதல் இரவு பதினொன்று வரைக்கும், குழந்தை தூங்குகிற நேரம், சமைக்கிற நேரம் போக மீதி முழுக்கப் படிப்பு. வண்ண வண்ணமாகக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒன்பது நாள் நடந்தது. பத்தாவது நாள் குழந்தைக்குக் காய்ச்சல், அன்றைக்கு ஒன்றுமே படிக்க முடியவில்லை. மறுநாள் முந்தைய நாள் பாக்கியையும் சேர்த்து உட்கார்ந்தேன், முடியவில்லை. அதற்கு மறுநாள் மூன்று நாள் பாக்கி. அந்த அட்டவணையைப் பார்க்கவே பயமாகிவிட்டது, சுவரில் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டேன். தேர்வில் கணக்குப் பகுதியில் பாதிக்கு மேல் குத்துமதிப்பாகப் புள்ளி வைத்தேன். 200 கேள்வியில் 25 கேள்வி திறனறிவு, ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், முப்பத்தேழரை மதிப்பெண்ணை அப்படியே கொட்டிவிட்டு வந்தேன். 2019 செப்டம்பரிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அட்டவணையின் நிறம் மட்டும் வேறு.

இரண்டு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது 'எனக்கு ஒழுங்கு இல்லை, மன உறுதி இல்லை' என்பதுதான். அது தவறு என்று இப்போது நன்றாகவே தெரிகிறது. மன உறுதி நிறையவே இருந்தது. ஒன்பது நாள், கைக்குழந்தையோடு, நாலு மணிக்கு எழுந்தவள் நான். பாளையைக் கட்டை கட்டையாகச் சீவினேன், ஒன்பதாம் நாள் காம்பு வந்துவிட்டது.

2020இல் ஊரடங்கு வந்தது. அடுத்த குரூப் 4 எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, வரவே வராதா என்று என்னோடு படித்த தோழிகள் பலர் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். மே மாதம் ஊருக்குப் போக முடிந்தபோது, தாத்தாவின் அரிவாள் பரண் மேல் இருந்ததைப் பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆச்சி மட்டும் அதை வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறாள். அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பழைய பேச்சு திரும்ப வந்தது. எத்தனை நாளைக்கு வர வேண்டும் என்று தெரியாத பாளை இது. அப்படியென்றால் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும்?

அதற்கு விடை எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கியது. தினசரி காலண்டர். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நேற்றைய தாளைக் கிழிப்பது கல்யாணமான நாள் முதல் என் வேலை. கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். கையகலத் தாள். அதில் எத்தனை கணக்கு எழுதலாம்? பொடி எழுத்தில் பத்து. சரி, ஒரு நாளைக்குப் பத்து. தாள் முடிந்தால் அன்றைய கணக்கும் முடிந்தது, அதற்கு மேல் ஆசைப்பட்டாலும் எழுத இடம் கிடையாது. 2020 ஜூன் 1ஆம் தேதி முதல் தாள், மே 31 என்று அச்சடித்த தாளின் பின்பக்கம். தனிவட்டி ஐந்து, விகிதம் ஐந்து.

கணக்குக்கு இருபத்தைந்து நிமிஷம், அப்புறம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம், இருபது நிமிஷம். அந்த முக்கால் மணி நேரம் இதுதான். வீட்டில் யாருக்கும் நான் படிக்கிறேன் என்றுகூட ஒரு மாதம் வரைக்கும் தெரியாது, என் வீட்டுக்காரர் ஒருநாள் ஓலைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எப்ப எழுதுன?" என்று ஆச்சரியப்பட்டார்.

முதல் ஒன்றரை மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டுவட்டி வந்தாலே தடுமாறினேன், வேலையும் காலமும் கணக்கில் பத்துக்கு ஆறு தப்பு. தாள்கள் சேர்ந்தன, வேறு எதுவும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. பாளையை நசுக்குகிற நாட்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், பால் பொங்குவதற்குள் நாலு கணக்கு முடிந்திருந்தது. எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. கை தானாகப் போட்டிருந்தது.

அப்புறம் கொஞ்சம் ஆர்வம் வந்து, பழக்கம் என்பது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று தேடிப் படித்தேன். '21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்ததாக அவர் எழுதினார். அதில் 'குறைந்தது' போய்விட்டது, முகமும் போய்விட்டது, 21 மட்டும் தங்கிவிட்டது. உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் கூட வேலை செய்தவர்களும். 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பது மாதிரி. 2010இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. யோசிக்காமல் கை தானாகப் போகிற நிலைக்கு வருவதற்குச் சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து, கணக்கிட்டுப் பார்த்தபோது 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்காததால் தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களில் பாதிப் பேர் இன்னும் ஒன்றரை மாதம் இருந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. இங்கே மனசு பாளையைவிட இரக்கமுள்ளது. பாளை காய்ந்துவிடும் என்பதால் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் மாமாதான் ஏறுவார். என் தாள்களில் நடுவில் 42 நாள் இல்லை. மகளுக்கு உடம்பு சரியில்லாத நாட்கள், மாமனார் இறந்த வாரம், 2021 மே மாதம் நானே கொரோனாவில் படுத்த இரண்டு வாரம். எனக்கு நான் போட்டுக்கொண்ட ஒரே கட்டளை, விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இருபது போடக் கூடாது என்பது. பாக்கி என்ற ஒன்றே கிடையாது. போன நாள் போனதுதான், இன்றைக்குப் பத்து. 2018இல் என்னை வீழ்த்தியது அந்தப் பாக்கிதான் என்பதால் இதில் மட்டும் கறாராக இருந்தேன்.

பிரித்துப் படித்தால் மண்டையில் அதிகம் நிற்கும் என்பதையும் ஒருவர் எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறார். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக எழுதித் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை திரும்பத் திரும்பச் சொன்னதால் மறுநாள் கிடைத்த பலனை, மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை சொன்னதிலேயே பெற்றுவிட்டார். பாதிக்குக் கொஞ்சம் மேல் உழைப்பு, அதே பலன். தேர்வுக்கு முந்தைய வாரம் கண் சிவக்கச் சிவக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.

எங்கள் பக்கத்திலேயே இதற்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது. இடையன்குடி கோவில். திசையன்விளையிலிருந்து ரொம்ப தூரமில்லை. கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். 1847இல் தேவாலயம் கட்ட ஆரம்பித்தார்கள். முடிந்து பிரதிஷ்டை நடந்தது 1880இல். 33 வருஷம். இடையில் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது, அதையும் அப்படியே விடாமல் விரித்து எழுதி 1875இல் இரண்டாம் பதிப்பு. மணல்காட்டு வெயிலில், ஊழியம் ஒரு பக்கம், கட்டட வேலை ஒரு பக்கம், அதற்கு நடுவில் மொழிகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டுக் குறிப்பெடுத்த ஒரு மனுஷனை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஜனங்களைப் பற்றி, பனையேறிகளைப் பற்றி, இளவயதில் அவர் எழுதிய சிலது எங்கள் ஆட்களைப் புண்படுத்தியது, அதை நானும் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த 33 வருஷத்தை மதிக்காமல் இருக்க முடியவில்லை. கூடவே ஒன்றை நினைத்துக்கொள்வேன். அந்தக் கோவிலைச் சுற்றி அவர் நடந்த வழியெல்லாம் நின்ற பனைகளில், அதே 33 வருஷமும், விடியலில் ஒரு ஏற்றம் சாயங்காலம் ஒரு ஏற்றம் என்று யார் யாரோ ஏறிக்கொண்டே இருந்திருப்பார்கள், அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் எழுதுவது முழு உண்மையாக இருக்காது. தினமும் ஒழுங்காக உழைத்தால் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. என் தாத்தாவைப் போல ஒழுங்காக வாழ்ந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் கடைசி வரைக்கும் பணக்காரர் ஆகவில்லை. சீசன் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார், ஆடியில் கணக்கு முடித்தால் கையில் சொற்பம்தான் நிற்கும். விடிலியில், அதாவது காய்ச்சுகிற ஓலைக் குடிசையில், ஆச்சி பதநீரைக் காய்ச்சிக் காய்ச்சி, பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு அடக்கி, பாகாகிற கூப்பனிப் பதம் தாண்டிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டிக்கு விலை சொல்கிறவர் வேறு யாரோ. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். உழைப்பின் ஒழுங்கு ஒன்று, அந்த உழைப்புக்கு ஊர் கொடுக்கிற விலை வேறொன்று. இரண்டையும் குழப்பி, ஏழையைப் பார்த்து 'உனக்குப் பழக்கம் சரியில்லை' என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் ஒன்று நடந்தது. ஆச்சி ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு சிரட்டைக் கருப்பட்டியைத் தனியாக எடுத்து வைப்பாள். ஒன்றே ஒன்று. அதைத் தானே வாரச் சந்தையில் விற்பாள். அவளுடைய சிறுவாட்டுப் பணம் அது. தாத்தாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். வியாபாரியின் கணக்கில் அது வராது, முன்பணத்தில் கழியாது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் வருஷக் கட்டணம் முழுவதும் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள், ரூபாய் நோட்டில் எல்லாம் கருப்பட்டிப் பிசுபிசுப்பு. என் அம்மா அழுதுவிட்டாள். எத்தனை வருஷத்துச் சிரட்டைகள் என்று கேட்டதற்கு ஆச்சிக்குக் கணக்குத் தெரியவில்லை. கணக்குத் தெரியாமல் சேர்த்ததால்தான் அது சேர்ந்தது என்று நினைக்கிறேன், தினமும் எண்ணிப் பார்த்திருந்தால் கைவைக்க ஏதாவது காரணம் வந்திருக்கும்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். 2022 ஜூலை 24. இருபத்திரண்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். முந்தைய நாள் நான் ஒன்றும் விசேஷமாகப் படிக்கவில்லை. காலையில் எழுந்து, பாலை வைத்து, தாளைக் கிழித்து, பத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தேர்வு மையத்துக்குக் கிளம்பினேன். திறனறிவில் 25க்கு 23. முடிவு வர மறுவருஷம் மார்ச் ஆகிவிட்டது, அந்த எட்டு மாதமும் தாள் எழுதுவதை நிறுத்தவில்லை, கணக்குக்குப் பதிலாக மகளுக்குச் சொல்லிக் கொடுக்க இங்கிலீஷ் வாக்கியங்கள். அவற்றை இந்த 742இல் சேர்க்கவில்லை, அது தனிக் கட்டு.

சித்தி மகளிடம் அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். எவ்வளவு நேரம் என்று நீ கேட்டாய், எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதென்றால், ஐந்தாம் மாதத்துக் கடைசி நாளில், அடுப்படியில் வேலை குவிந்து கிடக்கும்போது, தலைவலியோடு, உன்னால் எவ்வளவு முடியும்? அதுதான் உன் முதல் நாளின் அளவு. முதல் நாள் உனக்கு இருக்கிற வேகத்தை வைத்து அளவு எடுக்காதே. அது போதாது போலத் தோன்றும், கை பரபரக்கும், இன்னும் ஒரு மணி நேரம் உட்காரலாமே என்று இருக்கும். அங்கேதான் எழுந்துவிட வேண்டும். அந்தப் பரபரப்புதான் மறுநாள் உன்னைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கும், அதையும் அன்றைக்கே செலவு செய்துவிடாதே. அப்புறம், புதிதாக ஒரு நேரத்தைத் தேடாதே. ஏற்கெனவே நீ தவறாமல் செய்கிற ஏதாவது ஒன்றின் வாலில் இதைக் கட்டு. எனக்குக் காலண்டர். உனக்குக் கோலம் போட்டு முடித்த நேரமாக இருக்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வந்த நேரமாக இருக்கலாம்.

இப்போது காலண்டர் தாளில் எழுதுவதைக் குறைத்துவிட்டேன். வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. தாத்தா பார்த்த முப்பதுக்கு மேற்பட்ட மரங்களில் இன்றைக்கு நிற்பவை பதினொன்று. மீதி செங்கல் சூளைக்கும் வேறு எதெதற்கோ போய்விட்டன. 'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்று ஆச்சி அடிக்கடி சொல்வாள், பனை பலன் தரப் பதினைந்து இருபது வருஷம் ஆகும் என்பதால். மூன்று வருஷமாக, ஆவணியில் விழுகிற பனம்பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வேலி ஓரத்தில் இருபது விதை ஊன்றுகிறோம், நானும் மகளும். இருபதுக்கு மேல் கிடையாது. முதல் வருஷம் ஊன்றியதில் பாதியை யாரோ கிழங்குக்குத் தோண்டிவிட்டார்கள், கொஞ்சம் ஆடு கடித்தது. பனை முதலில் கீழேதான் போகும், வேரும் கிழங்குமாக, மேலே ஓலை எட்டிப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் எது பிழைத்தது, எது செத்தது என்று ரொம்ப நாளைக்குத் தெரியாது. போன சனிக்கிழமை போனபோது வேலியின் தெற்கு மூலையில் ஒரே வரிசையில் ஏழு கன்று, ஒற்றை ஓலையோடு, மகளின் முழங்கால் உயரம்கூட இல்லை. அவள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

சாக்கில் இன்னும் அறுபது விதை இருக்கும். ஐப்பசி மழைக்குள் மூன்று சனிக்கிழமை கிடைக்கும்.